தில்லையின் வாயிலில் நின்ற துறவி: சுவாமி சகஜானந்தர்



யூபிலி மலர் என்றால் அதில் புனிதர்களின் வரலாறும், முன்னாள் பங்குத் தந்தையரின் வரலாறும், கோவில் கட்டிய கதையும் இடம்பெறுவது மரபு. அவையெல்லாம் இம்மலரில் உரிய இடங்களில் உள்ளன. இப்பக்கங்களில் நாம் எழுத முன்வந்திருப்பதோ திருமுழுக்குப் பெறாத ஒரு பெரியாரின் வரலாறு. பெறாதவர் மட்டுமல்லர், இளமையில் திருமுழுக்குத் தம்மைத் தேடி வந்தபோது வேண்டாம் என்று மறுத்தவர். அப்படிப்பட்டவருக்கு நம் பங்கு மலரில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். முழுவதையும் படித்த பின் அக்கேள்விக்கு நீங்களே விடை சொல்வீர்கள் என்று நம்புகிறோம்.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் வாழும் நமக்குச் சுவாமி சகஜானந்தர் என்ற பெயர் புதிதன்று. சிதம்பரம் ஓமக்குளம் பக்கம் செல்வோர் நந்தனார் பெயர் தாங்கிய பள்ளிகளைக் காண்பர். நம் பங்கில் படித்து வேலைக்குச் சென்ற குடும்பங்கள் சிலவற்றில் பாட்டனாரோ தந்தையாரோ அங்கே படித்தவராக இருக்கலாம். ஆனால் அப்பள்ளியை எழுப்பியவர் யார், எதற்காக எழுப்பினார் என்பதை நம் பிள்ளைகள் பலர் அறியார்.

பிறப்பும் பள்ளியும்

1890 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 27 ஆம் நாள், ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கம் என்ற சிற்றூரில், அண்ணாமலை, அலமேலு தம்பதியருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. முனுசாமி என்று பெயரிட்டனர். ஊருக்கு வெளியே சேரியில் வாழும்படி ஒதுக்கப்பட்ட மக்களின் குடும்பம் அது. அந்நாளில் அம்மக்களின் பிள்ளைகளுக்கு ஊர்ப் பள்ளியின் திண்ணை கூடக் கிட்டாது. குளத்தில் நீர் மொள்ள உரிமையில்லை, கோயில் தெருவில் நடக்க உரிமையில்லை. கல்வி என்ற கதவைத் திறந்துவிட்டவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷனரிகளே. இதை நாம் பெருமையாகவே சொல்லிக் கொள்ளலாம்.

முனுசாமியும் அவ்வாறே திண்டிவனத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷனார் நடத்திய பள்ளியில் சேர்ந்தான். கூர்மையான அறிவுடைய பையன். ஆசிரியர்கள் அவனை விரும்பினார்கள். விருப்பத்தின் அடையாளமாகச் சிகாமணி என்று புதுப்பெயர் வைத்தார்கள். அடுத்த படி அவன் கிறிஸ்தவனாக வேண்டும் என்பது. அவன் மறுத்தான். மறுத்ததால் அப்பள்ளியில் தொடர்ந்து படிக்க முடியவில்லை. அதுவரை அவனுக்குச் செலவிட்ட தொகையைத் திருப்பித் தரும்படி கேட்டார்கள் என்றும் அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுவர்.

அம்மிஷனரிகள் தீயவர்கள் அல்லர். கடல் கடந்து வந்து, யாரும் தொட மறுத்த பிள்ளைகளைத் தொட்டுத் தூக்கி எழுத்தறிவித்தவர்கள். அவர்கள் கொடுத்த எழுத்துத்தான் பின்னாளில் முனுசாமியைச் சட்டசபை வரை கொண்டு சென்றது. ஆயினும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கொடுக்கும் கை, வாங்குபவனின் பெயரையும் மனத்தையும் சேர்த்து எடுத்துக் கொள்ளப் பார்த்தால், அந்தக் கொடை பாதிக் கொடையே ஆகும். தந்தையும் தாயும் இட்ட பெயரை மாற்றும் உரிமையைப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் யாருக்கும் கொடுத்திருக்க முடியாது.

பெயர் என்பது சிறு செய்தி அன்று

இவ்விடத்தில் கொஞ்சம் நின்று, பெயர் என்பது எவ்வளவு பெரிய செய்தி என்று பார்ப்போம். வெள்ளையர் ஆட்சி நம் நாட்டு மக்களைக் கணக்கெடுத்து ஏடுகளில் எழுதியபோது, ஒடுக்கப்பட்டோரை அவர்கள் விரும்பாத பெயர்களாலேயே எழுதி வைத்தது. பறையர் என்ற குலப் பெயர் ஆங்கில மொழிக்குள் நுழைந்து, யாராலும் சேர்க்கப்படாதவன் என்ற பொருளில் உலகமெங்கும் வழங்கும் சொல்லாகவே ஆகிவிட்டது. ஒரு மக்களின் பெயர் அயல்நாட்டு அகராதியில் வசைச்சொல்லாகக் குடியேறுவதை விடக் கொடுமை வேறு உண்டோ?

இதை மாற்ற அம்மக்களே எழுந்தனர். பண்டிதர் அயோத்திதாசர் 1891 இல் திராவிட மகாஜன சபையை நிறுவினார். தம் மக்கள் இந்த மண்ணின் பூர்வக் குடிகள், பிறரால் தாழ்த்தப்பட்டவர்களே அன்றித் தாழ்ந்தவர்கள் அல்லர் என்று வாழ்நாள் முழுதும் எழுதினார். பின்னர் எம்.சி. ராஜா சென்னைச் சட்டசபையில் முயன்றதன் பயனாக, 1922 இல் அரசு பழைய பெயர்களை விடுத்து ஆதிதிராவிடர் என்ற பெயரை ஏற்றது. ஆதி என்றால் முதல். இந்நாட்டின் முதற்குடிகள் நாங்கள் என்று அவர்களே தமக்கு இட்டுக்கொண்ட பெயர் அது. தன்னைத் தானே பெயரிட்டு அழைக்கும் உரிமை விடுதலையின் முதற்படி எனலாம்.

இது நம் நாட்டுக் கதை மட்டுமன்று. கனடா நாட்டில் பூர்வக் குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, விடுதிப் பள்ளிகளில் வைத்து, தாய்மொழி பேசத் தடை விதித்து, பெயரையும் மாற்றினார்கள். அரசு அமைத்த அப்பள்ளிகளில் பலவற்றை நடத்தியவர்கள் நம் துறவற சபையாரே. இதற்காக மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2022 சூலையில் கனடாவுக்கே சென்று அம்மக்களிடம் மன்னிப்புக் கோரினார். மறு ஆண்டு மார்ச்சில், பிறர் நாட்டைக் கண்டுபிடித்தோம் என்று சொல்லிக் கைப்பற்றுவதற்குச் சாக்காக வழங்கிய பழைய கோட்பாட்டைத் திருஆட்சிப்பீடம் வெளிப்படையாகத் தள்ளிவிட்டது. பூர்வக் குடிகளுக்குத் தம் வாழ்வைத் தாமே தீர்மானிக்கும் உரிமை உண்டு என்று ஐக்கிய நாடுகள் அவை 2007 இல் அறிவித்தது. உலகம் இத்தனை காலம் கடந்து கற்றுக்கொண்ட பாடத்தைத் திண்டிவனத்துச் சிறுவன் ஒருவன் அன்றே தன் மறுப்பினால் சொல்லிவிட்டான்.

தங்கவயலும் குருவும்

பள்ளியை விட்ட முனுசாமி, பிழைப்புத் தேடித் தம் குடும்பத்தார் சென்றிருந்த கோலார் தங்கவயலுக்குப் போனார். வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர் அங்கே சுரங்கத்தில் இறங்கிக் கொண்டிருந்த காலம் அது. பூமிக்கடியில் அவர்கள் வெட்டியெடுத்த பொன் கப்பலேறிச் சீமைக்குச் சென்றது. வெட்டியவர்களுக்குத் தகரக் கொட்டகையும் இருமலும் மிஞ்சின. எனினும் பண்ணையாரின் களத்தில் கைகட்டி நிற்பதை விடச் சுரங்கத்தில் கூலி பெறுவது மேல் என்று அம்மக்கள் எண்ணினார்கள் என்றால், பண்ணை வாழ்வு எப்படி இருந்திருக்கும் என்று நாமே ஊகித்துக் கொள்ளலாம்.

முனுசாமியின் உள்ளமோ பொன்னில் செல்லவில்லை, ஞானத்தில் சென்றது. சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சிவப்பிரகாச சுவாமிகள் என்ற துறவி இருந்தார். கரபாத்திரம் என்றால் கையே உண்கலம், உணவைக் கையில் வாங்கி உண்ணும் துறவு நிலை. அவரிடம் முனுசாமி அடைக்கலமானார். தமிழும் வடமொழியும் வேதாந்தமும் பயின்றார். எந்த நூல்களைக் கேட்கவும் தகுதியில்லை என்று அவர் முன்னோர் விலக்கப்பட்டிருந்தனரோ, அந்நூல்களையே ஐயந்திரிபறக் கற்றார். காவியுடுத்தித் துறவு பூண்டபோது சகஜானந்தர் என்னும் பெயரைப் பெற்றார். மிஷன் பள்ளி இட்ட பெயரை ஏற்காதவர், தாமே தேடிச் சென்ற குருவின் கையிலிருந்து இப்பெயரை ஏற்றார். வேறுபாட்டைக் கவனியுங்கள். அது அவர் மேல் வைக்கப்பட்ட பெயர், இது அவர் விரும்பிப் பெற்ற பெயர்.

நந்தனின் ஊர்

1910 ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சுவாமிகள் சிதம்பரம் வந்து சேர்ந்தார். வயது இருபது. ஏன் சிதம்பரம்? அது நந்தனின் ஊர் என்பதே காரணம்.

நந்தனார் கதை நமக்குத் தெரியும். சேக்கிழார் பாடிய அறுபத்துமூவருள் ஒருவர். கொள்ளிடக் கரை ஆதனூரில் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் முழவுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுத்துத் தொண்டு செய்தவர். அவர் கொடுத்த தோல் உள்ளே முழங்கியது. கொடுத்தவரோ வெளியே நின்றார். தில்லைக்கு நாளைப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே திருநாளைப்போவார் எனப் பெயர் பெற்றார். இறுதியில் தீயில் மூழ்கி, மறையவர் கோலத்துடன் வெளிப்பட்டு, ஆடவல்லான் திருமுன் சென்று மறைந்தார் என்பது புராணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் கீர்த்தனையாக்கி வீடுதோறும் பரப்பினார். திரைப்படம் வந்த பின், 1935 இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942 இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்து மக்களை உருக வைத்தனர்.

நந்தனுக்காகக் கண்ணீர் விட்ட ஊரே நந்தனின் பேரப்பிள்ளைகளைக் கோயில் வாயிலில் நிறுத்தி வைத்தது. கதையில் நந்தனைத் தொழுதார்கள், தெருவில் நந்தனின் குலத்தாரை விரட்டினார்கள். இந்த முரண்பாட்டைச் சகஜானந்தர் தெளிவாகக் கண்டார். நந்தன் யாருடைய சொத்து? இரங்கிப் பாடுபவர்களுடையவரா, அல்லது எந்தச் சேரியில் பிறந்தாரோ அந்தச் சேரி மக்களுடையவரா? சுவாமிகள் தம் வாழ்வினால் அளித்த விடை, நந்தன் எங்கள் வீட்டுப் பெரியவர் என்பதாகும். தம் மடத்துக்கும், பின்னர் தம் பள்ளிக்கும் அப்பெயரையே சூட்டினார். இரக்கத்துக்குரிய பெயராய் இருந்தது உரிமைக்குரிய பெயராய் மாறிற்று.

இதுவே அவர் பணியின் உயிர்நாடி என்று நாம் கருதுகிறோம். வந்தவர்களின் சமயத்தை ஏற்று வெளியேறும் வழி அவருக்கு இருந்தது. சேரியின் பழமையை மறைத்து வேறு குலத்தாரைப் போல் வேடமிடும் வழியும் சிலருக்கு இருந்தது. அவர் இரண்டையும் விட்டார். தம் மக்களிடம் ஏற்கெனவே இருந்த ஒரு புனிதரைக் கையில் எடுத்தார். அவரைக் கொண்டே கதவைத் தட்டினார்.

ஓமக்குளத்துப் பள்ளி

தட்டுவதற்கு முன் அவர் செய்த காரியம் கட்டுவது. 1916 இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, இருபத்தைந்து மாணவர்களைக் கொண்டு பள்ளியைத் தொடங்கினார். அன்றைய தென்னாற்காடு மாவட்டத்துக்குக் கடலூரே தலைநகர். அம்மாவட்டத்தின் நெல் வயல்களில் நடவு முதல் அறுப்பு வரை உழைத்தவர்கள் இம்மக்கள். பையன் மாடு மேய்க்கும் வயதில் பண்ணையில் சேர்ந்துவிடுவான். தகப்பன் பட்ட கடன் மகன் தலையில் ஏறும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு அழைப்பது, அவ்வீட்டின் ஒரு வேளைக் கஞ்சியைக் கேட்பது போலாகும். ஆகவே சுவாமிகள் பலகையும் எழுத்தும் மட்டும் கொடுத்தால் போதாது என்று உணர்ந்து, உண்டியும் உறைவிடமும் கொடுத்தார். அதற்காகக் காவி உடையோடு வீடு வீடாக, ஊர் ஊராகச் சென்று பொருள் திரட்டினார். மேல் சாதியாருள்ளும் நல்லெண்ணம் உடையோர் உதவினார்கள். அவர் அதை மறுக்கவில்லை. ஆனால் பள்ளியின் பெயரும் போக்கும் அவருடைய மக்களின் கையில் இருந்தன.

பெண் பிள்ளைகளின் கல்வியும் அவர் நோக்கத்தில் இருந்தது. இன்று ஓமக்குளத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நந்தனார் பெயரில் அரசு மேல்நிலைப் பள்ளிகள் உள்ளன. அங்கு படித்தோர் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் இம்மாவட்டம் எங்கும் பரவியிருக்கிறார்கள். சேரியில் தபால் வந்தால் படித்துச் சொல்ல ஊருக்குள் ஓட வேண்டியிருந்த நிலை போய், சேரியிலேயே படித்துச் சொல்ல ஒருவர் இருக்கும் நிலை வந்தது. சிறு மாற்றம் போலத் தோன்றும். கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமல் கைநாட்டு வைத்த மக்களுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

1927 செப்டம்பரில் காந்தியடிகள் சிதம்பரம் வந்தபோது நந்தனை அறவழிப் போராளி என்று போற்றினார். அதற்குப் பதினோராண்டுகள் முன்பே நந்தன் பெயரில் பள்ளி நடந்து கொண்டிருந்தது என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். தலைவர்கள் வந்து எழுப்பிய மக்கள் என்று மட்டும் வரலாறு எழுதுவது சரியன்று. மக்கள் முன்னமே எழுந்திருந்தார்கள்.

சட்டசபையும் கோயில் வாயிலும்

1926 இல் சுவாமிகள் சென்னை மாகாணச் சட்டசபைக்குள் சென்றார். நாடு விடுதலை அடைந்த பின்னும் சட்டமன்றத்தில் இடம் பெற்றார். துறவிக்கு அரசியல் எதற்கு என்று கேட்டவர்கள் அன்றும் உண்டு. வீட்டுமனை இல்லாதவனுக்கு மனையும், நிலமில்லாதவனுக்கு நிலமும், பிள்ளைகளுக்கு உதவிப் பணமும் பெற்றுத் தருவது தவத்துக்குப் புறம்பானதன்று என்று அவர் வாழ்ந்து காட்டினார். காங்கிரஸ் இயக்கத்தோடு நின்றார். வெள்ளையர் போனால் மட்டும் விடுதலை வந்துவிடாது, உள்ளூரில் ஒருவன் மற்றொருவனுக்கு வெள்ளையனாய் இருக்கும் வரை விடுதலை பாதியே என்பதை அவர் பணி முழுவதும் உணர்த்திற்று.

கோயில் நுழைவு உரிமைக்காகச் சட்டசபையில் அவர் பலமுறை வாதாடினார். வேதாகமங்களைக் கற்றவர் ஆதலால், சாத்திரத்தைக் காட்டி மறித்தவர்களுக்குச் சாத்திரத்தைக் கொண்டே மறுமொழி சொல்ல வல்லவராக இருந்தார். 1939 சூலை 8 இல் வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் கக்கன் முதலியோர் நுழைந்தனர். 1947 இல் வந்த சட்டம் மாகாணத்தின் இந்துக் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டது. நந்தன் நாளை நாளை என்று சொல்லிக் காத்திருந்த அந்த நாளை, சட்டப்படி அன்றுதான் வந்தது. இம்முறை யாரும் தீயில் இறங்க வேண்டியிருக்கவில்லை. யாரும் வேறு குலத்தவனாக மாறவும் வேண்டியிருக்கவில்லை. நந்தன் நந்தனாகவே உள்ளே போகலாம் என்றாயிற்று. அதில்தான் இருக்கிறது சகஜானந்தரின் வெற்றி.

1959 மே முதல் நாள் சுவாமிகள் இவ்வுலக வாழ்வை நீத்தார். உழைப்பாளர் திருநாள் அது. நமக்கோ தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாள். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்காகவே வாழ்ந்த ஒரு துறவி அந்நாளில் கண்மூடியது பொருத்தமே.

நமக்கு என்ன பாடம்?

இனி முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். திருமுழுக்கை மறுத்தவருக்கு நம் மலரில் ஏன் இடம்?

முதலாவது, அவர் மறுத்தது இயேசுவை அன்று, கட்டாயத்தை. விசுவாசத்தை ஏற்க எவரையும் வற்புறுத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் சமயச் சுதந்திரம் பற்றிய ஏட்டில் திட்டவட்டமாக அறிவித்தது. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ளவற்றைத் திருச்சபை தள்ளுவதில்லை என்று அதே ஆண்டு மற்றோர் ஏட்டில் கூறியது. சங்கம் கூறியதை ஏற்றுக்கொள்ளும் நாம், அச்சிறுவனின் மறுப்பை மதிக்கவும் கடமைப்பட்டவர்கள். மோசேயும் பாரவோனின் வீட்டில் கல்வி கற்றவர்தானே. அவ்வீட்டுப் பிள்ளை என்ற பெயரை விட்டுத் தம் சொந்த மக்களிடம் திரும்பியதால் அல்லவா அவர் விடுதலைத் தலைவரானார்?

இரண்டாவது, மூடிய வாயில் கோயிலுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. புதுவை ஆனந்தரங்கப் பிள்ளை 1745 ஆம் ஆண்டு நாட்குறிப்பில் ஒரு செய்தி எழுதியிருக்கிறார். புதுச்சேரி சம்பாக் கோவிலுக்குள் சேரிக் கிறிஸ்தவர்களைப் பிரித்து வைக்கச் சுவர் இருந்தது. அம்மக்கள் திரண்டு சென்று குருவிடம் முறையிட்டார்கள். குரு அச்சுவரை இடிக்கச் செய்தார். இது நம் புதுவை கடலூர் உயர்மறைமாவட்டத்தின் மண்ணில் நடந்தது. முறையிட்டவர்கள் அம்மக்களே, பரிவு கொண்டு வெளியிலிருந்து எவரும் வந்து கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆயினும் மண்சுவர் இடிந்தாலும் மனச்சுவர் உடனே இடிவதில்லை. தலித் மக்களுக்கு எதிரான பாகுபாடு பாவம் என்று எடுத்துரைத்து, அவர்கள் முன்னேற்றத்துக்கென ஒரு கொள்கையை இந்திய ஆயர் பேரவை 2016 இல் வெளியிட வேண்டியிருந்தது என்றால், அச்சுவர்களின் அடித்தளம் எவ்வளவு ஆழமானது என்பது விளங்கும்.

மூன்றாவது, நம் பங்கு மக்கள் பலரின் பாட்டன்மாரும் சகஜானந்தரின் பாட்டன்மாரும் ஒரே வயலில் உழைத்தவர்கள். ஒருவர் ஞானஸ்நானத் தொட்டியை நாடினார், மற்றொருவர் நந்தனை நாடினார். இருவரும் தேடியது ஒன்றே: தலை நிமிர்ந்து நின்று, இது என் வீடு என்று சொல்லக்கூடிய ஓர் இடம். கோயிலில் அந்த இடத்தைப் பெறச் சுவாமிகள் ஒரு வாழ்நாளைச் செலவிட்டார். கோவிலில் நம் மக்கள் அந்த இடத்தைப் பெற்றிருக்கிறார்களா?

எனவே இந்த யூபிலி ஆண்டில் நம் முன் வைக்கும் கேள்விகள் இவை. திருவிழாத் தேர் எல்லாத் தெருக்களிலும் வருகிறதா? கல்லறையில் எல்லாருக்கும் ஒரே மண் கிடைக்கிறதா? பங்குப் பேரவையில் கூலி வேலை செய்பவரின் சொல் எடுபடுகிறதா? நம் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளையை அவன் பெற்றோர் இட்ட பெயரோடும், அவன் வீட்டுப் பேச்சோடும், அவன் மூதாதையர் நினைவோடும் ஏற்றுக்கொள்கிறோமா? யூபிலி என்றால் பழைய ஏற்பாட்டில் அடிமைகள் விடுதலையாகித் தத்தம் காணியாட்சிக்குத் திரும்பும் ஆண்டு. கொடி ஏற்றுவதும் வாணம் விடுவதும் அதன் பிறகுதான்.

அடுத்த முறை சிதம்பரம் செல்லும்போது ஓமக்குளம் பக்கமும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அப்பள்ளியைக் காட்டி, தன் பெயரைத் தானே காத்துக்கொண்ட ஒரு சிறுவன் பின்னாளில் கட்டியது இது என்று சொல்லுங்கள். அவருக்கு நாம் செலுத்தக்கூடிய அஞ்சலி அதுவே.

எல்லா மக்களுக்கும் தந்தையாகிய இறைவன் நம் பங்கை ஆசீர்வதிப்பாராக.